வெட்டிவேர் முதல் மாண்டோ புல் வரை: கேள்வி பதில்

கேள்வி: வீட்டின் பின்புறச் சரிவில் ஒவ்வொரு மழைக்கும் மண் கரைகிறது. வெட்டிவேர் வைத்தால் தோட்டம் முழுவதும் பரவிவிடுமா?

பதில்: பரவாது. அருகம்புல்லைப் போல ஓடுதண்டு விட்டுப் படரும் இயல்பு வெட்டிவேருக்கு இல்லை. தென்னிந்தியாவில் வளர்க்கப்படும் வகைகள் பெரும்பாலும் முளைக்கும் விதை தருவதில்லை என்பதால், நட்ட இடத்திலேயே தூர் கட்டி நிற்கும். வேர் பக்கவாட்டில் அதிகம் ஓடாமல் நேர்கீழாக இறங்கி, நல்ல மண்ணில் 3 மீட்டர் ஆழம் வரைகூடச் செல்வதாலேயே அது சரிவைப் பிடித்து நிறுத்துகிறது. தூரைப் பிரித்து, இலையை ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, மழைக்காலத் தொடக்கத்தில் சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். நாற்றைச் சிக்கனம் செய்து அகல நட்டால் நீர் அந்த இடைவெளியிலேயே பாய்ந்து பள்ளம் பறிக்கும். பலர் தவறுவது இங்கேதான்.

கேள்வி: அதே வரிசையிலிருந்து வேரும் எடுக்கலாமா?

பதில்: கூடாது. தோண்டினால் கரையின் பிடிப்பே போய்விடும். வேருக்கென்று, மணல் கூடுதலாகக் கலந்த மண் நிரப்பிய உயரமான சாக்கில் தனியாக வளர்த்து, ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் சாக்கைக் கிழித்தால் வேர் அறுபடாமல் முழுதாகக் கிடைக்கும். கடலூர்ப் பகுதியின் மணற்பாங்கான நிலங்கள் இப்பயிருக்கு ஏற்றவையாக இருப்பதும் இதனாலேயே.

கேள்வி: மூன்றாண்டு வயதான எலுமிச்சைப் புல்லின் நடுப்பகுதி காய்கிறதே, உரம் போதவில்லையா?

பதில்: உரக்குறைவாக இருக்காது, தூர் முதிர்ந்துவிட்டது. முழுவதையும் தோண்டி, காய்ந்த நடுவை நீக்கி, ஓரத்துப் பசுந்தண்டுகளை வேருடன் பிரித்து, நீர் தேங்காத வெயிலான இடத்தில் நட்டால் மீண்டும் செழிக்கும்.

கேள்வி: இத்தகைய புதர்களில் பாம்பு தங்குமா?

பதில்: எலியும் தவளையும் இருந்து, புதரும் அடர்ந்திருந்தால் தங்கலாம். எலுமிச்சைப் புல்லின் வாசனைக்குப் பாம்பு வராது என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, அடியில் சேரும் சருகை அகற்றுங்கள்.

கேள்வி: மரநிழலில் எதை வைப்பது?

பதில்: மாண்டோ புல்லை வைக்கலாம். தோற்றத்தில் புல்லாக இருந்தாலும் அது தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. கிழக்காசிய மரநிழலில் வளர்ந்து பழகியதால், நம் கோடையின் பிற்பகல் வெயில் நேராகப் பட்டால் இலைநுனி கருகும்.