டிசிஎஸ் போர்விமான கேமில் தாழப் பறக்கும்போது உறைகிறதா? முதலில் டிஸ்க்கைப் பாருங்கள்

நண்பரே, 8 ஜிபி ரேம், 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, பழைய ஹார்டு டிஸ்க். சு-25டி விமானம் உயரத்தில் நன்றாகப் பறக்கிறது, பத்துமி ஊருக்கு மேல் தாழ இறங்கினால் அரை நொடி உறைகிறது என்கிறீர்கள். கார்டு மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த முறை உறைந்ததும் ஆல்ட்-டேப் அடித்து டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள்: ரேம் நிரம்பி, டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும். ரேமில் இடம் போதாமல் விண்டோஸ் பேஜ் ஃபைலை, அதாவது ரேமுக்குப் பதிலாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்தை, தேடிப் போகிறது, அதுவும் ஹார்டு டிஸ்க்கில். அப்புறம் எப்படி ஓடும்?

கையில் காசு இருந்தால் புது கார்டு வேண்டாம். ரேமை 16 ஜிபி ஆக்குங்கள், கேமையும் பேஜ் ஃபைலையும் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

அதுவரை கேம் செட்டிங்ஸில் டெக்ஸ்சர், டெரைன் டெக்ஸ்சர் இரண்டையும் லோவில் வையுங்கள். விசிபிலிட்டி ரேஞ்ச் மீடியம் போதும். காக்பிட் கண்ணாடிகளை அணைத்துவிடுங்கள், பின்பக்கக் காட்சியை கேம் தனியாக வரைந்துகொண்டிருக்கும். பின்னணியில் பிரவுசர் திறந்திருக்கக் கூடாது, சொல்லவே வேண்டாம். காக்பிட் டிஸ்பிளே ரெசல்யூஷனை மட்டும் 512-க்குக் கீழே இறக்காதீர்கள். இலக்கைக் காட்டும் ஷ்க்வால் கேமராவின் திரையில் டாங்கி எது, புதர் எது என்றே தெரியாது.