பிரிக்காத இரண்டு பொட்டலங்கள்

மருந்துப் பெட்டி: வாசகர் கேள்விகள்

அக்கா, எனக்கு 44 வயது. சிங்கப்பூர் ஈசூனில் குடியிருக்கிறோம். பாலர் பள்ளியில் வேலை. இரண்டாவது மகன் பிறந்த மறுவருடம், 2016இல், ஹஷிமோட்டோ தைராய்டு என்றார்கள். 2021இல் இரண்டு கை விரல்களும் வீங்கி, முடக்குவாதம் என்று உறுதியானது. போன வருடம் கண்ணும் வாயும் வறண்டுபோய், மூன்றாவதாக ஷோகிரென். எல்லாமே உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய்களாம். காலையில் எழுந்ததும் தைராக்சின், கால்சியம், ஹைட்ராக்சிகுளோரோகுயின் மூன்றையும் ஒரே வாயாகப் போட்டு, கோப்பியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறேன். முடக்குவாதத்துக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி மெத்தோட்ரெக்ஸேட் ஆறு மாத்திரை. சனிக்கிழமை முழுக்கக் குமட்டல். மகனின் நீச்சல் வகுப்பில் போய் உட்காரக்கூட முடிவதில்லை. முடி கொட்டுவதால் பயோட்டின் சாப்பிடுகிறேன். வாய் வறட்சிக்கு அதிமதுரம் மெல்கிறேன். ஆனாலும் சோர்வு போகவில்லை.

மாமியார் ஊரிலிருந்து தினமும் போன் செய்து, சீந்தில் கஷாயமும் அமுக்கராச் சூரணமும் சாப்பிடு, எதிர்ப்புச் சக்தி கூடும் என்கிறார். கணவர் தேக்கா கடைகளுக்குப் போய் இரண்டையும் வாங்கி வந்துவிட்டார். இன்னும் பிரிக்காமல் சமையலறையில் இருக்கிறது. ஆறு மாதம் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிட்டு இயற்கை வழியில் போய்ப் பார்க்கட்டுமா? டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று பயம்.

- பெயர் வேண்டாம், ஈசூன்

பொட்டலங்களை இன்னும் பிரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பிரித்தேன் தங்கச்சி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2009ஆம் வருடம். ஒரு பலதுறை மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் முகப்பில் எனக்கு வேலை. முடக்குவாதம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காலையில் மருந்து அட்டையைக் கத்தரிக்கக் கத்தரிக்கோலுக்குள் விரல் நுழையாது. உங்களைப் போலவே எனக்கும் மாத்திரை குமட்டியது. அப்போது ஜொகூரிலிருந்து ஓர் உறவுக்காரர் ஒரு பிளாஸ்டிக் டப்பா கொண்டுவந்தார். பெயர் ஒட்டவில்லை, தேதி இல்லை, உள்ளே சுண்டைக்காய் அளவில் கறுப்பு உருண்டைகள். 80 வெள்ளி. சுத்த மூலிகை என்றார். மூன்றாம் நாள் காலையில் கை முழுசாக மூடியது. தோசைக் கரண்டியை இறுக்கிப் பிடித்துத் திருப்பிப் போட்டேன். சட்டியின் முன்னால் நின்று அழுததுகூட ஞாபகம் இருக்கிறது.

இரண்டு மாதத்தில் முகம் ஆப்பம் மாதிரி உப்பியது. உடன் வேலை செய்தவர்கள், என்ன, நல்ல சாப்பாடா என்று கேலி செய்தார்கள். டப்பா தீர்ந்தது, அடுத்தது வரத் தாமதமானது. ஐந்தாவது நாள் எம்ஆர்டி ரயில் நடைமேடையில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். ஒரே வாந்தி, ரத்த அழுத்தம் எங்கோ கீழே. வார்டில் மருத்துவர் வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டபோது, இல்லை என்று பொய் சொன்னேன். மறுநாள்தான் வாயைத் திறந்தேன். உடம்பு தானாகச் சுரக்கவேண்டிய ஸ்டீராய்டு ஏறக்குறைய நின்றேபோயிருந்தது. அந்தக் கறுப்பு உருண்டைகளில் ஸ்டீராய்டு கலந்திருந்திருக்கிறது. வெளியிலிருந்து இப்படி நிறையப் போனால், அதைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலையை விட்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் ஆளே விழுவார். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுக்கும்போதெல்லாம், திடீரென்று நிறுத்தாதீர்கள் என்று அத்தனை வருடமாக ஜன்னல் வழியே சொன்னவள் நான்தான்!

இது என் ஒருத்தியின் கதை இல்லை. மூலிகை என்று சொல்லி விற்கும் வலி மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் சொல்லாமல் கலந்திருந்ததாக நம் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. மூட்டுவலியை மூன்றே நாளில் விரட்டுகிற இயற்கை மருந்தைக் கண்டால் எனக்கு இப்போது சந்தோஷம் வராது, பயம்தான் வரும்.

சரி, உங்கள் வீட்டுப் பொட்டலங்களுக்கு வருவோம். அவற்றில் ஸ்டீராய்டு இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவற்றின் சிக்கல் வேறு. எதிர்ப்புச் சக்தி கூடும் என்கிறார் மாமியார். சளி பிடித்தவருக்கு அது ஆசீர்வாதம். உங்களுக்கோ அந்தச் சக்தி ஏற்கெனவே கட்டுமீறி, சொந்தத் தைராய்டையும் மூட்டையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் அடித்துக்கொண்டிருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் அதைப் பிடித்து உட்காரவைக்கப் பார்க்கிறது. கஷாயம் அதையே எழுப்பிவிட்டால் என்ன ஆகும்?

சீந்திலைப் பற்றி இன்னொன்று. கொரோனா காலத்தில் இந்தியாவில் ஆளாளுக்கு அதைக் குடித்தார்கள். மும்பை மருத்துவர்கள் முதலில் ஆறு பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021இல் எழுதினார்கள். அப்புறம் இந்தியா முழுக்க 13 மருத்துவமனைகளில் 43 பேரின் விவரம் வந்தது. பலருக்கு வந்தது தன்னுடல் தாக்கு வகைக் கல்லீரல் அழற்சியை ஒத்திருந்தது. அங்கே பாரம்பரிய மருத்துவத்தைக் கவனிக்கும் ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. அது நம் சீந்தில் இல்லை, அதே குடும்பத்து வேறு கொடியாக இருக்கலாம் என்றது. அப்படியே வைத்துக்கொள்வோம். காய்ந்து துண்டாகிய பிறகு அது எந்தக் கொடி என்று உங்கள் கணவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவருக்குக் கல்லீரல் ரத்தப் பரிசோதனையை அடிக்கடி எடுப்பதே, அந்த மருந்தும் அங்கே கை வைக்கும் என்பதால்தான். இரண்டும் சேர வேண்டாம்.

அமுக்கரா தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடியது. நீங்கள் ஏற்கெனவே அந்த ஹார்மோனையே தைராக்சின் மாத்திரையாகச் சாப்பிடுகிறவர். அதன்மேல் இதுவும் ஏறினால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. இதற்கும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023இல் இதைத் தடையே செய்துவிட்டது.

சித்த மருத்துவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. என் பாட்டி வைத்த சுக்குக் கஷாயத்தில் வளர்ந்தவள் நான். ஐந்தரை வருடம் படித்துப் பட்டம் வாங்கிய சித்த மருத்துவரிடம் உங்கள் மூன்று நோயையும் ஐந்து மாத்திரையையும் காட்டினால், அவரே இதை யோசித்துத்தான் கொடுப்பார். ஆனால் சிங்கப்பூரில் சீன மருத்துவர்களுக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு இருக்கிறது. சித்த, ஆயுர்வேத மருத்துவர்களுக்கு அப்படிப் பதிவு இல்லை. எங்கே படித்தீர்கள் என்று நாமே கேட்கவேண்டும். பற்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்ந்த எதையும் கேட்காமல் வாயில் போடவேண்டாம்.

ஆறு மாதம் நிறுத்திப் பார்ப்பது பற்றி. என் பெரியம்மாவுக்கும் இதே நோய். அவர் காலத்தில் இந்த மருந்தெல்லாம் அவருக்குக் கிடைக்கவில்லை. விரல்கள் நான்கும் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்து, காற்றில் வளைந்த நாணல் மாதிரி இருக்கும். ரவிக்கைக் கொக்கியை என் அக்காதான் மாட்டிவிடுவார். மூட்டின் எலும்பு ஒருமுறை அரித்துவிட்டால் திரும்ப வளர்வதில்லை. வலி இல்லாத மாதத்திலும் அரிப்பு நடக்கலாம். அதனால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது பொட்டலங்கள் அல்ல, சனிக்கிழமைதான். அந்தக் குமட்டலுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. டாக்டரிடம் சொன்னீர்களா? ஃபோலிக் அமிலம் தருகிறார்களா, எந்த அளவு என்று பாருங்கள். கடிதத்தில் அதைக் காணோம். ஆறு மாத்திரையை அதே நாளில் காலை மூன்று, ராத்திரி மூன்று என்று பிரிக்கச் சிலருக்குச் சொல்வார்கள். மாத்திரைக்குப் பதில் ஊசியும் உண்டு. நான் இப்போது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வயிற்று மடிப்பில் நானே போட்டுக்கொள்கிறேன். கொசு கடித்த மாதிரி, அவ்வளவுதான். திங்கள் காலையில் இட்லி இறங்குகிறது. எப்படி மாற்றினாலும் வாரத்தில் ஒரு நாள் என்பது மாறவே கூடாது. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிரையே இழந்தவர்கள் உண்டு. பெட்டிமேல் வெள்ளிக்கிழமை என்று பெரிதாக எழுதி வையுங்கள்.

அந்தச் சோர்வுக்கு ஒரு காரணம் உங்கள் காலை நேரத்திலேயே இருக்கலாம். கால்சியம் தைராக்சினைக் கட்டிப்போட்டுவிடும், உடம்பில் ஏறவிடாது. கோப்பியும் குறைக்கும். தைராக்சினை வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கோப்பி. கால்சியத்துக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி. மதியச் சாப்பாட்டோடு தள்ளிவிடுங்கள். பல வருடமாக மாத்திரை சரியாக ஏறாமலேயே இருந்திருக்கலாம். இந்த மாற்றம் செய்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்ப்பார்கள்.

பயோட்டின் இன்னொரு குறும்புக்காரன். முடிக்கு நல்லதோ இல்லையோ, தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பொய் சொல்லவைக்கும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்துங்கள். சாப்பிடுவதைச் சொல்லியும் வையுங்கள். முடி கொட்டுவது தைராய்டு சரியில்லாததாலோ மெத்தோட்ரெக்ஸேட்டாலோ இருக்கலாம். அப்படியென்றால் பயோட்டின் என்ன செய்யும்?

அதிமதுரத்தை நிறுத்துங்கள். எப்போதாவது ஒரு துண்டு என்றால் பரவாயில்லை. தினமும் மென்றால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுங்கள். எச்சில் இல்லாத வாயில் பல் வேகமாகச் சொத்தையாகும், அதனால் பல் மருத்துவரை வருடத்துக்கு இரண்டு முறை பாருங்கள். வகுப்பறையில் குளிர்சாதனக் காற்று நேராக முகத்தில் அடிக்காத இடமாக உட்காருங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுகிறவர்களுக்கு விழித்திரைப் பரிசோதனை உண்டு. தொடங்கிய முதல் வருடத்தில் ஒருமுறை பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

இயற்கையாக எதுவுமே இல்லையா என்பீர்கள். இருக்கிறது. ஈரச்சந்தையில் மத்தி மீன் வாங்கி வாரம் இரண்டு நாள் குழம்பு வையுங்கள். மீன் எண்ணெய் மூட்டுவலியைக் கொஞ்சம் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. குழம்பில் போடுகிற மஞ்சள் இருக்கட்டும். மிளகுச் சத்து சேர்த்து, பல மடங்கு உடம்பில் ஏறும்படி செய்த மஞ்சள் மாத்திரை வேண்டாம். அதிலும் கல்லீரல் பாதித்திருக்கிறது. காலையில் கையை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்து, உள்ளேயே விரலை மடக்கி நீட்டுங்கள். நல்லெண்ணெய் தடவுவது சுகம். யாராவது கோதுமையை விடச் சொன்னால், விடுவதற்கு முன், கோதுமையால் குடல் கெடும் சீலியாக் நோய்க்கு ரத்தம் பாருங்கள். விட்ட பிறகு பார்த்தால் தெரியாது. எதையும் ஒரு சமயத்தில் ஒன்றாக மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் புரியாது.

டாக்டர் திட்டுவாரா? அடுத்த முறை போகும்போது இரண்டு பொட்டலங்களையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். டாக்டர், வீட்டில் இதை வாங்கி வைத்திருக்கிறார்கள், நான் இன்னும் சாப்பிடவில்லை, உங்களைக் கேட்டுச் செய்யலாம் என்று வந்தேன் என்று சொல்லுங்கள். இப்படிச் சொன்னவரை ஒரு மருத்துவர் திட்டி நான் பார்த்ததில்லை. நான் சொல்லாமல் மறைத்தபோதுதான் திட்டு வாங்கினேன், அதுவும் வார்டில் படுத்துக்கொண்டு. மாமியாரிடம், மீன் குழம்பு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் கைப்பக்குவம் எப்படி என்று கேளுங்கள். அரை மணி நேரம் போன் ஓடும், சீந்தில் ஞாபகமே வராது.

என் மனைவிக்கு லூபஸ் என்ற, உடம்பு தன்னையே தாக்கும் நோய். முருங்கைக்கீரை சூப் தினமும் கொடுக்கலாமா? சாலட்டில் அல்ஃபால்ஃபா முளை சேர்க்கிறோம். சிறுநீரில் புரதம் போவதாகச் சொன்னார்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினும் உண்டு.

- ஜூரோங் வெஸ்ட் வாசகர்

முளையை இன்றே நிறுத்துங்கள். அல்ஃபால்ஃபாவில் உள்ள ஒரு அமினோ அமிலம் லூபஸைத் தூண்டிவிடக்கூடியது. முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினை மட்டுப்படுத்தும். ஒரு வாரம் தினமும், மறுவாரம் ஒன்றுமில்லை என்று செய்யாதீர்கள். வாரம் இரண்டு நாள் ஒரு கிண்ணம் என்றால் எப்போதும் அப்படியே, அதையும் ரத்தம் பார்க்கும் இடத்தில் சொல்லிவிடுங்கள். சிறுநீரில் புரதம் போகிறது என்பதால் சூப்பில் உப்பையும் மசாலா கட்டியையும் குறையுங்கள்.