19 சதக் காசு எண்டு ஒண்டை அரசாங்கம் அடிக்கவே இல்ல

கேள்வி: வணக்கம் அண்ணை. அப்பான்ர பாட்டி 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மாத்தளைப் பக்கத் தோட்டத்தில இருந்து இஞ்ச வரேக்க முந்தானை முடிச்சில ஒரு செப்புக் காசும் கொண்டு வந்தவ. ஒரு பக்கம் தேஞ்சுபோன ஒரு கம்பனிப் பேர், அதுக்குக் கீழ கொழும்பு எண்டு இங்கிலீசில கிடக்கு. மற்றப் பக்கம் 19 சதம். மேல ஓட்டை. பக்கத்து வீட்டு மாமா இது வன்னி ராசா காலத்துக் காசு எண்டு சொல்லுறார், உண்மையோ?
– வாசகி, தர்மபுரம், கிளிநொச்சி

பதில்: இல்லைத் தங்கச்சி, ஆனா உங்களிட்ட இருக்கிறது அதைவிடக் குறைஞ்ச சாமான் இல்ல. அது கோப்பிக் காலத்தில கம்பனியள் காசுக்குப் பதிலா கூலிக்குக் குடுத்த டோக்கன்.

முதல்ல அந்த 19ஐப் பாருங்கோ, கம்பனிப் பேர் தேஞ்சாலும் காலத்தை அதுவே சொல்லிப்போடும். 1870ஆம் ஆண்டு போட்டு அரசாங்கம் அடிச்ச செப்புக் காசுகள் கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், அஞ்சு சதம் மட்டுந்தான், எல்லாத்திலயும் விக்டோரியா ராணி தலை இருக்கும். பிறகு ஏன் 19? 1872க்கு முதல் இஞ்ச பென்ஸ் கணக்கு, அப்ப நாலரைப் பென்ஸ் எண்டு டோக்கன் அடிச்சவை, ரூபா சதம் வந்தோடன ஒரு ரூபாய்க்கு 24 பென்ஸ் எண்டு பிரிச்சா நாலரைப் பென்ஸ் 18.75 சதம், அதைத்தான் 19 எண்டு ஆக்கினது. அப்ப உங்கட டோக்கன் 1872க்குப் பிந்தினது. 1869ல தொடங்கின இலைத்துரு நோய் 1880களோட கோப்பியை முடிச்சுப்போட்டுது, அதனால அதுக்கு அங்கால இழுக்கிறதும் கஷ்டம்.

தோட்டக் காசு எண்டு நினைக்காதேங்கோ. மலையில காயவைச்ச கோப்பி கொழும்பு மில்லுகளுக்குப் போகும், அங்க தோல் நீக்கிப் புடைச்சு, பழுதான கொட்டையை ஒவ்வொண்டா பொறுக்கி எடுத்தது கூடுதலாப் பொம்பிளையள். அவைக்குக் கூலிக் கணக்குக்குக் குடுத்ததுதான் இந்த டோக்கன், பிறகு அதைக் குடுத்துக் காசு வாங்கலாம். கொம்பனித் தெருப் பக்கம் இருந்த வேகந்த மில் அப்பிடி ஒண்டு, ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின்ரது. ஆக, டோக்கன்ல இருக்கிற ஊர் அதை வைச்சிருந்த ஆளின்ர ஊராத்தான் இருக்கோணும் எண்டில்ல.

கோப்பிக் காலத்துச் சனம் மன்னார்ல இறங்கி மதவாச்சி, தம்புள்ளை எண்டு மாத்தளைக்கு நடந்தே போனது, வழியில வாந்திபேதியில செத்தது கனபேர். அந்தக் காலத்துக் கூலிக்கு மிஞ்சி நிக்கிற சாட்சி மிச்சம் குறைவு, அதில ஒண்டு உங்கட வீட்டில கிடக்கு. தயவுசெய்து பழைய செம்பு வாங்க வாறவரிட்ட நிறுத்துக் குடுத்திடாதேங்கோ!

ஓட்டை எழுத்தை வெட்டிக்கொண்டு போகுதோ, ஒரு பக்க விளிம்பு பிதுங்கியிருக்கோ எண்டு பாருங்கோ. அப்பிடியெண்டா அடிச்ச இடத்தில போட்டதில்ல, ஆரோ கயித்தில கோத்துப் போட்டிருக்கினம். புளி, பிராசோ ஒண்டும் போட்டுத் தேய்க்க வேண்டாம், தேஞ்ச பேரும் அதோட போயிடும். மெல்லிய தாளை மேல வைச்சுப் பென்சிலைச் சரிச்சு உரசுங்கோ, இல்லாட்டி இருட்டு அறையில டோர்ச்சைப் பக்கவாட்டில பிடிச்சு போனில படம் எடுங்கோ. நாலைஞ்சு எழுத்துப் பிடிபட்டாலே காணும், 1895ல லவ்ஸ்லி எழுதின இலங்கை நாணயப் பட்டியல்லயும் அந்தக் காலத்துக் கம்பனி, தோட்ட விபரமெல்லாம் இருக்கிற பெர்குசன் டைரக்டரியிலயும் கம்பனிப் பேரைத் தேடலாம். நகைக்கடையில நிறை போட்டு, குறுக்களவும் எடுத்து வையுங்கோ. அதைவிட அவசரம், அப்பா இருக்கேக்கயே பாட்டியின்ர தோட்டப் பேரையும் டிவிசனையும் கேட்டு எழுதி அந்த டோக்கனோடயே வைச்சிடுங்கோ.