'சைனீஸ் டெமாக்ரசி' ஏன் எடுபடவில்லை? அதில் ஒரு மதுரை பேண்ட் கவனிக்க வேண்டியது என்ன?

கேள்வி: காலேஜில் தொடங்கிய ராக் பேண்ட் எங்களுடையது. மதுரைதான் ஊர். பல வருஷமாகக் கிடப்பில் கிடக்கும் பாட்டுகளை ஆல்பமாக்கப் போகிறோம். அமெரிக்க ராக் பேண்ட் கன்ஸ் அண்ட் ரோஸஸின் 'சைனீஸ் டெமாக்ரசி' ஆல்பத்தின் கதி எங்களுக்கும் வருமோ? அது ஏன் எடுபடவில்லை?

பதில்:

தாமதத்தை மட்டும் காரணம் காட்டுவது அந்த ஆல்பத்துக்குச் செய்யும் அநியாயம். 1991 செப்டம்பரில் ஒரே நாளில் இரண்டு ஆல்பம் போட்டவர்கள், 1993-ல் மற்றவர்களின் பாட்டுகளை எடுத்து ஒன்று செய்தார்கள். அடுத்து சொந்தப் பாட்டுகளோடு வந்தது 2008 நவம்பர் 23-ல்தான். அதற்குள் கிதாரிஸ்ட் ஸ்லாஷ் 1996-லும் பேஸ் வாசித்த டஃப் மெக்கேகன் 1997-லும் விலகிவிட்டார்கள். பாடகர் ஆக்ஸல் ரோஸின் குரல் இருந்தது. அந்தக் குரலோடு மல்லுக்கட்டிய கிதார் இல்லை. பழைய ரசிகர்களுக்கு அதுவே பெரிய அடி.

ஆனாலும் பெரிய கோளாறு ரெக்கார்டிங் நடந்த விதத்தில்தான் என்பது என் கருத்து. கிதாரிஸ்ட் பக்கெட்ஹெட் 2004-ல் போய்விட்டார். இன்னொரு கிதாரிஸ்ட் பம்பிள்ஃபுட் சேர்ந்தது 2006-ல். ஒரே சமயத்தில் பேண்டில் இல்லாத இருவரின் கிதாரும் ஒரே ஆல்பத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருக்கிறது. ஜோஷ் ஃப்ரீஸ் வாசித்த டிரம்ஸை, அவர் போனபின் வந்த 'பிரெயின்' என்ற டிரம்மரை வைத்து அப்படியே மறுபடி வாசிக்க வைத்தார்கள். நாதஸ்வரத்தை ஒரு வருஷமும் தவிலை இன்னொரு வருஷமும் பதிந்து ஒட்டினால் மேளம் எப்படி இருக்கும்? தாளம் தப்பாது, ஆனால் ஒருவர் இழுத்ததற்கு இன்னொருவர் பதில் சொல்வது நடக்காது.

அந்த ஆல்பத்தின் 'தேர் வாஸ் எ டைம்' பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். கோரஸ், ஆர்க்கெஸ்ட்ரா, கீபோர்டு, அடுக்கடுக்காகக் கிதார். கடைசியில் வரும் பக்கெட்ஹெட் சோலோ அபாரம். அது வருவதற்குள் காது களைத்துவிடுகிறது. மாஸ்டரிங்கை, அதாவது வெளியிடுமுன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலையை, குறை சொல்ல முடியாது. அதைச் செய்த பாப் லட்விக் கொடுத்த மூன்று வடிவங்களில், சத்தத்தை மிகக் குறைவாக அமுக்கியதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். விற்பனையிலும் சறுக்கல்: அமெரிக்காவில் பெஸ்ட் பை கடைகளில் மட்டும் கிடைத்தது, ஆக்ஸல் பேட்டி கொடுக்கவும் பெரிதாக முன்வரவில்லை. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் மூன்றாம் இடத்தில் நுழைந்தும் சூடு நிலைக்கவில்லை.

இனி உங்கள் ஆல்பம். டிரம்ஸ், பேஸ், ஒரு ரிதம் கிதார் மூன்றையும் ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி சேர்ந்து வாசித்துப் பதியுங்கள். பாடகர் கூடவே கைடு டிராக் (மற்றவர்கள் பின்பற்ற மாதிரிக் குரல்) பாடட்டும். ரெக்கார்டிங் செட்டிங் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பதியும் சத்தத்தின் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ரிதம் கிதாரை இடம், வலம் என இரண்டு முறை தனித்தனியாக வாசியுங்கள். ஒரே டேக்கை (ஒருமுறை வாசித்த பதிவை) காப்பி செய்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது, நடுவில் சத்தம்தான் கூடும். மூன்றாவது, நான்காவது கிதார் ஏற ஏற முதல் கிதார் சிறுத்துப்போகும். எல்லாமே 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் முட்டிக்கொள்வதால் பாடும் வார்த்தையும் புரியாது. மேலே ஏற்றிய புதிய லேயரை (கூடுதல் பதிவை) மியூட் செய்து பாட்டைக் கேளுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அதை அழித்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்கு நான் உயிரைக் கொடுப்பேன்.

பழைய செஷனில் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்த ஃபைலை மாற்றாமல் 48 கிலோஹெர்ட்ஸ் செஷனில் போட்டால் வேகம் கூடி, ஸ்ருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறிவிடும். அதைவிட முக்கியம், பழைய குரல் டேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரே பாட்டில் புதிய டேக்கோடு கலக்காதீர்கள். வயது குரலில் தெரியும். முழுப் பாட்டையும் புதிதாகப் பாடிவிடுங்கள்.

சித்திரைத் திருவிழா, ஆடி மாதம் இரண்டிலும் மைக் வைக்காதீர்கள். வீட்டு ஸ்டுடியோ என்றால் தெருமுனைக் குழாய் ஸ்பீக்கர் குரல் டிராக்கில் விழுந்துவிடும், அதைச் சுத்தமாக எடுப்பது கஷ்டம். மே மாதம் ஏசியை அணைத்துப் பதிந்தால் அறை சூடேறி கிதார் தந்தி இறங்கும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ட்யூன் பாருங்கள்.

மிக்ஸ் (எல்லாப் பதிவுகளையும் ஒன்றாகக் கலக்கும் வேலை) முடிக்கும் தேதியை இன்றே குறித்து, அதற்கு மேல் ஒரு லேயர்கூட ஏற்றுவதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். பேண்டை விட்டுப் போனவர் வாசித்த பகுதி பாட்டுக்குப் பொருந்தினால் அவர் பெயரோடு அப்படியே விடுங்கள். பொருந்தாவிட்டால், இப்போது இருப்பவர் தன் கைக்கு வருகிற மாதிரி புதிதாக வாசிக்கட்டும். பழையதை நகலெடுக்கச் சொல்லாதீர்கள்.