இசை கேள்வி–பதில்: பியானோ, பாஸ், டிரம்ஸ்

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் மகளைப் பார்க்கச் சென்றிருந்தபோது, அவளுடைய பல்கலைக்கழக அரங்கில் ஒரு ஜாஸ் கச்சேரி கேட்டேன். பியானோ, ஆளுயரப் பிடில் போன்ற ஒரு வாத்தியம், டிரம்ஸ் ஆகிய மூன்று மட்டுமே மேடையில் இருந்தன. யார் முன்பும் இசைக்குறிப்புத் தாள் இல்லை. ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தயங்காமல் எடுத்துக்கொண்டார்; கடைசியில் மூவரும் ஒரே நொடியில் நிறுத்தினார்கள். எல்லாம் ஒத்திகை பார்த்து வைத்ததா, அல்லது மேடையிலேயே தோன்றியபடி வாசித்ததா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பெரும்பகுதி மேடையிலேயே தோன்றியதுதான். ஆனால் அதற்கு அடியில் மிகக் கண்டிப்பான ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஜாஸ் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக வாசித்துவரும் பழைய அமெரிக்கப் பாடல்களில் பெரும்பாலானவை 32 அளவைகள், அதாவது சம நீளமுள்ள சிறு தாளத் துண்டுகள், கொண்டவை. எட்டு எட்டாக நான்கு பகுதிகள். ஒவ்வொரு அளவைக்கும் பொதுவாக நான்கு தட்டுகள். எந்த அளவையில் எந்தச் சுரக்கூட்டு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) வரவேண்டும் என்பது முன்பே தீர்மானமானது, மூவருக்கும் மனப்பாடம். முதலில் பாடலின் மெட்டை ஒருமுறை வாசிப்பார்கள். பிறகு மெட்டை விட்டுவிட்டு, அதே 32 அளவைகளை இடைவெளியே இல்லாமல் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவார்கள்; அப்படி ஒரு சுற்றுக்குக் கோரஸ் என்று பெயர். பியானோக் கலைஞர் இத்தனை கோரஸ் வாசிப்பார் என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் தம் கற்பனையைத் தணித்துக்கொண்டு வருவதைக் கேட்டே, தாங்கள் சொன்ன ஆளுயரப் பிடிலான பாஸை வாசிப்பவர் தமது முறை வந்துவிட்டதை அறிந்துகொள்வார். சில சமயம் ஒரு தலையசைப்பும் இருக்கும்.

நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது பாடகர் கையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியும். இங்கே டிரம்ஸ் கலைஞர் தனியாக முழங்கும்போது மற்ற இருவரும் கைகட்டி நிற்பது போலத்தான் தோன்றும். அவர்கள் மனத்தில் அந்த 32 அளவைகளும் பாடலின் மெட்டோடு ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் முதல் அளவை மீண்டும் வந்து சேரும் இடத்தில் மூவரும் தவறாமல் மெட்டுக்குள் நுழைகிறார்கள். முடிவுக்கும் வழக்கமான உத்திகள் உண்டு. பாடலின் கடைசிச் சொற்றொடரை மூன்று முறை சொல்லி நிறுத்துவது அவற்றுள் ஒன்று. தாங்கள் கண்ட அந்த ஒரே நொடி நிறுத்தம் அதுவாகக்கூட இருக்கலாம்.

ஆளுயரப் பிடில் என்று தாங்கள் குறிப்பிட்டது டபுள் பாஸ். அடுத்த முறை அதைத் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள் என்பதே நான் சொல்லக்கூடிய முக்கியமான யோசனை. பியானோ இனிமையாக இருப்பதால் நம் காது அதிலேயே தங்கிவிடுகிறது. ஆனால் சுரக்கூட்டின் அடிச்சுரத்தைப் பாஸ் ஏந்திக்கொள்வதால்தான் பியானோக் கலைஞரின் இடக்கை விடுதலை பெறுகிறது. அடிச்சுரத்தை விட்டுவிட்டு, அதன்மேல் நின்று நிறம் சேர்க்கும் மற்றச் சுரங்களை மட்டும் அந்தக் கை தொட்டுச் செல்ல முடிகிறது. இந்த முறையைச் செழுமைப்படுத்தியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கப் பியானோக் கலைஞர் பில் எவன்ஸ். அவருடைய குழுவில் ஸ்காட் லஃபாரோ பாஸும் பால் மோஷன் டிரம்ஸும் வாசித்தார்கள். 1959 டிசம்பரில் அவர்கள் பதிவு செய்த ‘ஆட்டம் லீவ்ஸ்’ பாடலில், மெட்டு முடிந்தவுடன் வழக்கம்போல் பாஸ் தட்டுக்கு ஒரு சுரமாகச் சீராக நடைபோடத் தொடங்குவதில்லை. பியானோ ஒரு துண்டு சொல்கிறது, பாஸ் மறித்து வேறொன்று சொல்கிறது, டிரம்ஸ் இடைவெளியில் நுழைகிறது. கணக்கை யாருமே வெளிப்படையாகத் தட்டிக் காட்டுவதில்லை. பிறகு பாஸ் நான்கு தட்டும் நடக்கத் தொடங்கும்போது பாட்டு சட்டென்று முன்னோக்கி நகர்வதை எவராலும் உணர முடியும். அதற்கு முன்பு மூவர் குழு என்றால் பெரும்பாலும் பியானோவும் அதற்குத் துணையாக இருவரும் என்றே இருந்தது. இவர்களுக்குப் பிறகு மூவரும் சமமாகப் பேசும் மேடை என்பதே பலருக்கு இலக்கணமாயிற்று. 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் இரவு விடுதியில் இவர்கள் வாசித்தவை முழுவதும் ஒலிப்பதிவாகிக் கிடைக்கின்றன. பதினோரு நாள் கழித்து லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 25. அந்த ஒலிப்பதிவுகளை இந்தச் செய்தியிலிருந்து பிரித்துக் கேட்க எனக்கு இன்றுவரை இயலவில்லை.

கேள்வி: ஜாஸ் என்றால் இரவு விடுதிகளின் இசை என்றல்லவா படித்திருக்கிறோம்? பல்கலைக்கழக அரங்குகளுக்குள் அது எப்படி வந்தது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: தாங்கள் படித்தது சரியே. இசைக்கல்லூரிகள் நெடுங்காலம் ஜாஸைப் பாடமாகவே மதிக்கவில்லை. 1947இல் வடக்கு டெக்சஸில் ஓர் அரசுக் கல்லூரி அதற்குப் பட்டப்படிப்பைத் தொடங்கியபோதுகூட, பெயரில் ஜாஸ் என்று போடாமல் நடன இசை என்றுதான் போட்டார்கள். மேடையைத் திறந்துவிட்டதில் பியானோக் கலைஞர் டேவ் புரூபெக்குக்கும் அவர் மனைவி அயோலாவுக்கும் பெரும் பங்கு உண்டு. கல்லூரி கல்லூரியாகக் கடிதம் எழுதிக் கச்சேரிகளை ஏற்பாடு செய்தவர் அயோலா. 1953 மார்ச்சில் ஓபர்லின் கல்லூரியின் ஃபின்னி தேவாலய அரங்கில் புரூபெக்கின் நால்வர் குழு வாசித்த கச்சேரி இசைத்தட்டாக வந்து, மாணவர்களை ஜாஸ் ரசிகர்களாக்கும் வழியைக் காட்டியது.

ஆனால் அரங்கு மாறினால் வாசிப்பும் மாறியே ஆகவேண்டும். சிம்பொனிக்காகக் கட்டப்பட்ட பெரிய அரங்குகளில் ஓசை அடங்க ஏறக்குறைய இரண்டு விநாடிகள் ஆகும். வயலின் கூட்டத்துக்கு அது அழகு சேர்க்கும். டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பல்மேல் வேகமாக விழும் அடிகளையோ ஒன்றோடொன்று கலந்து குழப்பிவிடும். ஆகவே பல அரங்குகளில் ஜாஸ் கச்சேரியன்று சுவர்களில் கனத்த திரைகளை இறக்கிவிடுகிறார்கள். டிரம்ஸ் கலைஞர் கட்டைக் குச்சியை வைத்துவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தோலை வட்டமாகத் தேய்த்தே பாதிக் கச்சேரியை நடத்துவதும் உண்டு. அகலமான மேடையாக இருந்தாலும் மூவரும் நடுவில் நெருங்கியே இருப்பார்கள். பாஸ் கலைஞர் பியானோவின் வளைவை ஒட்டி நிற்பார். ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குக் கேட்கவேண்டும் என்பதே காரணம். ஹார்வர்டின் சாண்டர்ஸ் அரங்கு போன்ற ஆயிரம் இருக்கை கொண்ட மர அரங்குகள் ஒலிவாங்கி வருவதற்கு முன் கட்டப்பட்டவை. அத்தகைய இடத்தில் ஒலிபெருக்கியை எவ்வளவு குறைத்துக்கொள்கிறார்களோ அவ்வளவு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: வாசிப்பின் நடுவிலேயே கைதட்டுகிறார்களே, அது முறையா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: முறைதான். ஒருவரின் தனி வாசிப்பு முடிந்ததும் கைதட்டுவது ஜாஸ் மரபு. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பியானோவுக்கு அடுத்துப் பாஸ் தொடங்கும்போது கைதட்டலைச் சட்டென்று முடித்துவிடுங்கள். பாஸ் மெல்லிய குரல் உடையது. அதன் முதல் நான்கைந்து அளவைகள் கரகோஷத்தில் அமுங்கிப்போவதைப் பல மேடைகளில் வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன்.

கேள்வி: விஜய் ஐயர் என்ற பியானோக் கலைஞர் தமிழரா? அவர் வாசிப்பில் கர்நாடக இசை இருக்கிறதா?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் பிறந்தவர். மூன்று வயதில் வயலின் தொடங்கினார். பியானோவைப் பெரும்பாலும் தாமே கற்றுக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்து, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இசை பற்றிய ஆய்வுக்கு 1998இல் முனைவர் பட்டம் பெற்றார். 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். ஸ்டீஃபன் கிரம்ப், மார்கஸ் கில்மோர் ஆகியோருடன் அவர் அமைத்த மூவர் குழுவின் 2012ஆம் ஆண்டு இசைத்தட்டு ‘ஆக்செலராண்டோ’; பின்னர் லிண்டா மே ஹான் ஓ, டைஷான் சோரி ஆகியோருடன் வாசித்தது 2021இல் வந்த ‘அனீஸி’. லயத்தில் அவர் காட்டும் அடுக்குகளில் கர்நாடக இசையின் தாக்கம் உண்டு. கித்தார் பிரசன்னாவுடனும் தபலா நிதின் மித்தாவுடனும் சேர்ந்து ‘தீர்த்தா’ என்ற இசைத்தட்டையும் தந்திருக்கிறார். ஆயினும் அவரை நம் இசையின் கிளையாக மட்டும் பார்ப்பது நியாயமாகாது. அவர் முனைவர் பட்ட ஆய்வே மேற்கு ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க–அமெரிக்க இசைகளைப் பற்றியது. தெலோனியஸ் மங்க், டியூக் எலிங்டன் போன்ற கறுப்பினக் கலைஞர்களின் வழியில் நின்றே அவர் வாசிக்கிறார். முதலில் ‘ஆக்செலராண்டோ’வைக் கேளுங்கள், அதிலும் கில்மோரின் டிரம்ஸைத் தொடர்ந்து கேட்டால் லயக் கணக்கு தானாகவே பிடிபடும்.