ஈயம் பூசுகிறவரும் பார்க்கினும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2007 இயற்பியல் நோபல் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் க்ரூன்பெர்க் இருவரையும் விரிவாக எழுதிய நீங்கள் இயற்பியலாளர் ஸ்டூவர்ட் பார்க்கினை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். செத்துப்போன ஹார்டு டிஸ்க்குகளைத் திறந்து பார்ப்பது என் பழக்கம். உள்ளே தட்டின் மேல் நகரும் கையின் நுனியில், தகவலை வாசிக்கும் ஹெட்டில் இருப்பது பார்க்கின் வேலைதானே? "அடுத்தவர் கண்டதை ஃபேக்டரிக்குத் தோதாக மாற்றிக் கொடுத்தவர், அவ்வளவுதான்" என்கிறான் என் நண்பன். அப்படித்தானா?

க., மதுரை

அன்புள்ள க.,

ஒரு வரியில் முடித்தது என் தப்பு. உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி.

1988இல் ஃபெர்ட்டும் க்ரூன்பெர்க்கும் தனித்தனியாகக் கண்டது இது: இரும்பையும் குரோமியத்தையும் மிக மெல்லிய அடுக்குகளாக வைத்தால், இரும்பு அடுக்குகளின் காந்தத் திசை ஒன்றாக இருக்கும்போது மின்தடை குறைகிறது, எதிரெதிராக இருந்தால் கூடுகிறது. ஆனால் அந்த அடுக்குகளை உயர் வெற்றிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தார்கள். ஆமை வேகம், செலவும் அதிகம்.

கலிஃபோர்னியாவின் ஐபிஎம் ஆல்மடன் ஆய்வகத்தில் பார்க்கின் கையில் எடுத்தது ஸ்பட்டரிங். உலோகத்தின் மேல் அயனிகளை மோதவிட்டு, தெறிக்கும் அணுக்களைத் தகட்டில் படியவிடும் முறை. வேகமானது, ஆனால் படிவது ஒழுங்கான படிகம் அல்ல. சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத்தை ஒரு தீற்று தீற்றித் துணியால் ஒரு சுற்று. பாத்திரம் பளபளக்கும். பூச்சின் கனத்தை யார் அளந்தார்கள்? ஸ்பட்டரிங்கும் அந்த ரகம் என்றுதான் தோன்றும். பார்க்கின் அதிலேயே அதே விளைவை வரவழைத்துக் காட்டினார். உங்கள் நண்பர் சொல்லும் பாதி இது.

மீதிப் பாதிதான் எனக்குப் பிடித்தது. வேகமாகச் செய்ய முடிந்ததால் உலோகத்தை மாற்றி, கனத்தை மாற்றி, செய்துகொண்டே இருந்தார். 1990இல் அவரும் கூட்டாளிகளும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். நடுவிலுள்ள காந்தமற்ற அடுக்கின் கனத்தைச் சில அணு அளவுக்குக் கூட்டினால், இரு பக்கக் காந்தங்களும் ஒரே திசை, எதிர்த்திசை, மறுபடி ஒரே திசை என்று மாறி மாறி நிற்கின்றன. குரோமியத்தில் மட்டுமல்ல, ருத்தேனியத்திலும். அடுத்த ஆண்டு வேறு பல உலோகங்களிலும் அதையே காட்டினார். இதை ஃபேக்டரி வேலை என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் வந்தது ஸ்பின் வால்வு. ஒரு காந்த அடுக்கை ஆணியடித்தாற்போல் நிறுத்திவிட்டு மற்றதைச் சும்மா விட்டார்கள். ஹார்டு டிஸ்க்கின் தட்டிலிருந்து வரும் இத்துனூண்டு காந்தப்புலமே அதைத் திருப்பப் போதும். மின்தடை ஏறி இறங்கும், அதை வைத்துத் தட்டிலுள்ள தகவலை வாசிக்கலாம். 1997இல் ஐபிஎம் இப்படிப்பட்ட ஹெட்டோடு 16.8 ஜிபி டிஸ்க்கை விற்றது. அதற்கு அடுத்த வருடம் நான் வாங்கிய கம்ப்யூட்டரில் இருந்தது 2.1 ஜிபி. "ஆயுசுக்கும் போதும் சார்" என்றார் கடைக்காரர்.

நீங்கள் திறப்பது 2010க்குப் பிந்தைய டிஸ்க் என்றால், நடு அடுக்கு பெரும்பாலும் உலோகமாக இருக்காது, மக்னீசியம் ஆக்சைடாக இருக்கும். 2004இல் அதை வைத்தால் மின்தடை மாற்றம் மிகப் பெரிதாகும் என்று காட்டிய இரு குழுக்களில் ஒன்று பார்க்கினுடையது, மற்றது ஜப்பானில்.

சரி, நோபல். மூன்று பேர் வரை பகிரலாம். 2007இல் இருவர்தான், ஒரு நாற்காலி காலி. பரிசு அந்த விளைவைக் கண்டுபிடித்ததற்கு என்பதால் கமிட்டியின் கணக்கு புரிகிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. 2014இல் ஃபின்லாந்தின் மில்லினியம் டெக்னாலஜி பரிசு அவருக்குக் கிடைத்தது, பத்து லட்சம் யூரோ.

அடுத்த டிஸ்க்கைத் திறக்கும்போது ஒரு நல்ல லென்ஸ் எடுத்து வையுங்கள், கடைக்கு வருகிறேன். பூச்சு கண்ணுக்குத் தெரியாது, தெரிந்தே வருகிறேன்.