பர்மா உளுந்துக்கு ஐ.நா. சான்றிதழா?

கேள்வி: யாங்கோனிலிருந்து உளுந்து தருவிக்கிறோம். ராணுவ ஆட்சி மீதான தடையால் 'ஐ.நா. அனுமதிச் சான்றிதழ்' இல்லாமல் பணம் அனுப்ப முடியாது என்கிறார் ஒரு தரகர். கட்டணம் கொடுத்தால் வாங்கித் தருவாராம். சரக்குப் பணத்தையும் துபாய்க் கணக்கில் போடச் சொல்கிறார். நம்பலாமா? (விருதுநகர் வாசகர்)

பதில்: அப்படியொரு சான்றிதழே கிடையாது. ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

2021 பிப்ரவரி 1 அன்று ஆங் சான் சூச்சியின் அரசை ராணுவத் தளபதி மின் ஆங் லைங் கவிழ்த்தார். அதுபற்றி ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் ஒரு தீர்மானம் போடவே 2022 டிசம்பர் ஆகிவிட்டது. வன்முறையை நிறுத்துங்கள், கைதிகளை விடுங்கள் என்று அது கேட்டதே தவிர, வணிகத்துக்குத் தடை போடவில்லை. சீனா, ரஷ்யாவோடு சேர்ந்து இந்தியாவும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. அதற்கு முன்பே ஜகார்த்தாவில், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் ஐந்து அம்ச உடன்பாடு கண்டது. தளபதி அங்கே தலையசைத்துவிட்டு, ஊர் திரும்பியதும் நாட்டில் நிலைமை சீரானால் பார்க்கலாம் என்றார். இந்த லட்சணத்தில் உங்கள் பத்து கன்டெய்னர் உளுந்துக்கு ஐ.நா.வில் யார் முத்திரை குத்துவார்கள்?

பணம் சிக்குவது வேறு இடத்தில். அமெரிக்கா தனியாகத் தடைப் பட்டியல் வைத்திருக்கிறது. ராணுவத்தின் இரு பெரும் வணிகக் குழுமங்கள் 2021 மார்ச்சில் அதில் ஏறின. 2023 ஜூனில் மியான்மாவின் அரசு வெளிநாட்டு வர்த்தக வங்கியும் சேர்ந்தது. நீங்கள் அனுப்பும் டாலர் பெரும்பாலும் நியூயார்க் வங்கி வழியாகத்தான் போகும். பட்டியலில் உள்ள பெயர் தென்பட்டால் அங்கேயே முடங்கும். எனவே விற்பவரின் வங்கி எது என்று முதலில் கேளுங்கள். மியாவடி வங்கி, இன்வா வங்கி என்றால் வேண்டாம். இரண்டும் அந்தக் குழுமங்களுக்குச் சொந்தம். விற்கும் நிறுவனத்தில் பாதியோ அதற்கு மேலோ அவர்கள் பங்கு இருந்தாலும் அதே கதிதான், அதன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும்.

துபாய்க் கணக்கு விஷயம். மூன்றாம் நபருக்குப் பணம் அனுப்புவதே குற்றம் என்று சொல்லமாட்டேன். பணம் இன்னாருக்குப் போக வேண்டும் என்று விற்பவர் தன் இன்வாய்ஸிலேயே எழுதியிருக்க வேண்டும். பில் ஆஃப் என்ட்ரியில் (இறக்குமதிக்குக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் படிவம்) சரக்கை அனுப்பியவர் பெயரோடு இந்த விவரமும் வர வேண்டும். உங்கள் வங்கி எல்லாவற்றையும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் சரக்கு வந்த பிறகு கணக்கு முடியாமல் வங்கிக்கும் கஸ்டம்ஸுக்கும் அலைவது நீங்கள்தான். தரகர் அதற்குள் செல்பேசி எண்ணை மாற்றியிருப்பார். வாட்ஸ்அப்பில் வரும் கணக்கு எண்ணுக்குப் பணம் அனுப்பவே கூடாது.

டாலர் தலைவலியே வேண்டாம் என்றால் ரூபாயில் கொடுக்கலாம். பஞ்சாப் நேஷனல் வங்கி வழியாக 2024 முதல் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. இதை வங்கிகள் தாமாகச் சொல்வதில்லை. கிளையில் கேட்டால் விழிப்பார்கள். அந்நியச் செலாவணிப் பிரிவுக்கு நேராகப் போய், 'ரூபாய் வோஸ்ட்ரோ கணக்கு' (வெளிநாட்டு வங்கி இங்குள்ள வங்கியில் ரூபாயில் வைத்திருக்கும் கணக்கு) என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.